உடற்பருமன் பெருகிய வரலாறு

தோற்றுவாய்

சென்ற தைத்திங்களில் யாம் எம் பள்ளியின் ஏழாம் வகுப்பு மாணாக்கரைக் கடன்மல்லை எனப்படும் மாமல்லபுரத்திற்கு அழைத்துச் சென்றிருந்தோம். ஐந்து தேர்களையும் கடற்கரைக் கோயிலையும் காட்டிய பின்னர், அருச்சுனன் தவம் என்றும் பகீரதன் தவம் என்றும் இருவகையாகக் கூறப்பெறும் பெரும்பாறைச் சிற்பத்தின்முன் அவர்களை நிறுத்தினோம். விலாவெலும்பு தோன்ற மெலிந்து, ஒற்றைக்காலில் நின்று, கைகளை மேலே தூக்கித் தவம் புரியும் உருவத்தையும், அதன் அருகே இறைவனைச் சூழ்ந்து நிற்கும் குறுந்தாளும் பெருவயிறும் உடைய பூதகணங்களையும் விளக்கிக்கொண்டிருந்தோம். அப்பொழுது மாணாக்கனொருவன், தன்னோடு பயிலும் பருத்த உடலினனான சிறுவனைச் சுட்டி, ‘ஐயா, அந்தப் பூதமும் இவனும் அண்ணன் தம்பி’ என்றான். ஏனையோர் எல்லாரும் நகைத்தனர். அச்சிறுவன் மட்டும் தலைகவிழ்ந்து நின்றான். நண்பகலில் பிறரெல்லாம் உணவுப்பொதியை அவிழ்த்து உண்ண, அவன் தன் பொதியைத் தொடாமல் பேருந்தினுள்ளேயே அமர்ந்திருந்தான்.

நகைத்தவர்களைக் கடிந்துகொண்டோம், எனினும் எம் மனம் அமைதியடையவில்லை. அவன் பாட்டனார் பயின்ற காலத்தில் செங்கற்பட்டுப் பக்கத்துச் சிற்றூர்ப் பள்ளிகளில் பருத்த பிள்ளையொருவனைக் காண்டல் அரிது. இன்றோ வகுப்புதோறும் அத்தகையார் சிலர் உளர். ‘பெருந்தீனியே காரணம்’ என்பர் பலர். நாவின் சுவை விருப்பம் நேற்றுப் பிறந்ததன்று. நம் முன்னோர்க்கும் நாவிருந்தது. அவர்க்கு வாராத பருமன் நமக்கு வந்தது யாங்ஙனம்? இதனை ஒருவர்தம் குற்றமாகக் கொள்ளாது வரலாறாகக் கொண்டு ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

பண்டையோர் உணவும் உழைப்பும்

செங்கழுநீர் மலர்ந்த நீர்நிலைகளால் பெயர்பெற்றது செங்கழுநீர்ப்பட்டு. அதுவே செங்கற்பட்டென மருவிற்றென்பர். ஏரிகள் நிறைந்த நாடு இது. மதுராந்தகத்து ஏரியும் கொளவாய் ஏரியும் யாவரும் அறிந்தவை. இவையன்றி ஊர்தோறும் ஓர் ஏரியேனும் உண்டு. ஆயினும், ஏரி நிறைவது வானத்தின் கையில் உள்ளது. வடகிழக்குப் பருவமழை பொய்க்குமாயின் அவ்வாண்டு கதிரில்லை. மழை பெய்த ஆண்டினும் தையில் நிறைந்த குதிர் ஆடியில் வறிதாகும். ஆடித்திங்களில் மாரியம்மன் கோயில்தோறும் கேழ்வரகுக் கூழ் வார்க்கும் வழக்கம், நெல் தீர்ந்த அக்காலத்து ஊரார் ஒருங்கே பசியாறிய நிலையை நமக்கு நினைப்பூட்டுகின்றது. ஆகவே, நிறைந்த திங்கள் சிலவும் குறைந்த திங்கள் பலவுமாக நம் முன்னோர் உடல் வாழ்ந்தது.

கச்சியை ஆண்ட தொண்டைமான் இளந்திரையனைக் கடியலூர் உருத்திரங்கண்ணனார் பாடிய பெரும்பாணாற்றுப்படையில், இத்தொண்டை நாட்டின் வழிநெடுக வாழ்ந்த மக்களின் உணவு நிலந்தோறும் வேறுவேறாகக் கூறப்பெறுகின்றது. ஆயர் குடியில் தினைச்சோறும் பாலும்; முல்லை நிலத்து உழவர் குடியில் வரகுச்சோறும் அவரையும்; மருதத்தில் நெற்சோறு; வலைஞர் குடியில் சுட்ட மீன். அந்நூலிற் காணும் பாணனோ பசியால் வாடி வள்ளலைத் தேடிச் செல்பவன். ஒரு நாள் விருந்தும் பன்னாள் நடையும் என்பதே அவன் வாழ்வு. உண்ட சோறு நடந்த வழியிலேயே கரைந்து போயிற்று.

உழுதல், நாற்று நடுதல், ஏற்றம் இறைத்தல், கதிரடித்தல், நெற்குற்றுதல், நீர் சுமத்தல் ஆகிய அனைத்தும் உடலால் ஆயின. சோறு இலையில் விழுமுன் அதற்குரிய உழைப்பைப் பெரும்பாலோர் முன்னரே செலவிட்டிருந்தனர். ஆதலின், பருத்த வயிறு உழையாது உண்ண வல்ல சிலர்க்கே உரியதாயிற்று; அதனாலேயே அது செல்வத்தின் அடையாளமாகவும் மதிக்கப்பட்டது. குபேரன் பெருவயிற்றினனாகச் சமைக்கப்பட்டதும் இதுபற்றியே போலும். நம் மொழியையே நோக்குக. ‘கொழுத்தவன்’ என்றால் செல்வன். ‘கொழுப்பு’ என்றால் செருக்கு. ‘கொழு’ என்பது ஏரின் முனையிற் செறிக்கும் இரும்புக்கும் பெயர். அக்கொழுவைப் பிடித்தவன் கொழுக்கவில்லை, பிடியாதவனே கொழுத்தான்.

பஞ்சமும் அளந்த தானியமும்

நல்லாண்டுகள் இவ்வாறாக, பஞ்ச ஆண்டுகள் மிகக் கொடியனவாயின. 1780-இல் ஐதர் அலியின் படை கருநாடகத்துட் புகுந்தபோது இந்நாட்டு ஊர்கள் பல பாழாயின, விளைநிலம் தரிசாயிற்று, பஞ்சம் தொடர்ந்தது. அதனினும் கொடிது 1876 முதல் 1878 வரை நிகழ்ந்த தாது வருஷப் பஞ்சம். இந்திய நாட்டில் அதனால் மாண்டோர் 55 இலட்சத்திற்குக் குறையார் எனக் கணக்கிடுவர்.

அப்பஞ்சத்தின்போது ஒரு மனிதன் உயிர்வாழ எத்துணைத் தானியம் போதும் என்று அரசாங்கத்தார் கணக்கிட்டனர். 1877-இன் தொடக்கத்தில் ரிச்சர்டு டெம்பிள் என்பார், நிவாரண வேலை செய்யும் ஆடவனுக்கு நாளொன்றுக்கு ஒரு பவுண்டு தானியத்தின் விலையும் ஓரணாவுமே கூலி என வகுத்தார். ஒரு பவுண்டு என்பது ஏறக்குறைய 450 கிராம். அத்தானியம் தரும் ஆற்றல் 1,600 கலோரி அளவினதே. மண்வெட்டிச் சுமப்பவனுக்கோ 3,000 கலோரிக்கு மேலும் வேண்டும். சென்னை மாகாணச் சுகாதார அதிகாரியான கார்னிஷ் என்பார் இதனை வன்மையாக மறுத்தார். அதன்பின் அளவு சிறிது உயர்த்தப்பட்டது. பருப்பும் சிறிது சேர்ந்தது. சென்னையில் அடையாற்றையும் கூவத்தையும் இணைத்த கால்வாய்ப் பகுதி, அப்பஞ்சத்தில் 1877–78-இல் பசித்தோர் கைகளால் வெட்டப்பட்டது. கவர்னர் பக்கிங்காம் பிரபுவின் பெயரைத் தாங்கி, மாமல்லபுரத்தின் மேற்கே இன்றும் கிடக்கும் கால்வாய் அதன் தொடர்ச்சியே.

இப்பஞ்சக் கதையைப் பருமனைப்பற்றிய கட்டுரையில் உரைப்பது ஏன் எனின், கூறுதும். 1944–45 குளிர்காலத்தில் ஆலந்து நாட்டில் கடும் பசி நேர்ந்தது. அப்பொழுது தாய்வயிற்றில் முதற்பாதிக் காலத்தைக் கழித்தவர்கள் இளைஞரானபோது, அவருள் பருத்தோர் மிகுதியாக இருந்தமை 1976-இல் வெளியான ஆராய்ச்சியாற் புலப்பட்டது. கருவிலே குறையுணவு பெற்ற உடல், ‘உலகிற் சோறு அரிது’ எனக் கொண்டு, கிடைப்பதைச் சேமிக்கும் இயல்போடு பிறக்கும் என்னும் கொள்கையை 1992-இல் ஏல்சு, பார்க்கர் என்னும் இருவர் வெளியிட்டனர்.

நம் நாட்டில் புனே நகரத்து மருத்துவர் யாஜ்னிக் என்பாரும் அவரைச் சார்ந்தோரும் சிற்றூர்க் குழவிகளை ஆராய்ந்தனர். அக்குழவிகளின் சராசரி எடை 2.7 கிலோ, ஆங்கில நாட்டுச் சௌதாம்ப்டன் நகரத்துக் குழவிகளின் எடை 3.5 கிலோ. நம் குழவிகள் எலும்பிலும் தசையிலும் உள்ளுறுப்பிலும் சிறியனவாயிருந்தும், தோலடிக் கொழுப்பில் மட்டும் அத்துணை குறையவில்லை. ‘மெலிந்த கொழுப்புக் குழவி’ என்னும் கருத்தில் இதற்குப் பெயரிட்டனர். அவரே 2004-இல் தம்மையும் ஓர் ஆங்கில மருத்துவரையும் ஒப்பிட்டுக் காட்டினார். உயரத்திற்கேற்ற எடை இருவர்க்கும் ஒன்றே. உடற்கொழுப்போ ஆங்கிலேயர்க்கு 9.1 விழுக்காடு, இந்தியர்க்கு 21.2 விழுக்காடு. ஆதலின், நம்மவர்க்குச் சிறிது எடை கூடினும் வயிற்றிற் கொழுப்பு மிகுந்து நீரிழிவு விரைந்து வருகின்றது.

பசியை வெல்லுமாறு அமைந்த உடல், பசி நீங்கிய உலகில் வந்து நிற்கின்றது. இதுவே யாம் கூறக் கருதியதன் முதற்பாதி. மறுபாதி, அவ்வுலகம் மாறிய வகை.

அரிசி வெளுத்த வரலாறு

முன்னாளில் நெல்லைப் புழுக்கி உலர்த்தி உரலிலிட்டு உலக்கையாற் குற்றினர். உமி நீங்கும், தவிடு பெரும்பகுதி ஒட்டிக்கொண்டிருக்கும். புழுக்குங்கால் தவிட்டின் சத்துச் சிறிது அரிசியினுள்ளும் புகும். பின்னர் எந்திர ஆலைகள் ஊரூராகத் தோன்றின. ஆலை உமியோடு தவிட்டையும் முளையையும் நீக்கி அரிசியைத் தீட்டி வெளுப்பாக்கிற்று. வெள்ளரிசிச் சோறு மேன்மக்கள் உணவெனவும், பழுப்பரிசியும் கேழ்வரகும் ஏழையர் உணவெனவும் எண்ணம் பரவியது. குன்னூரில் உணவாராய்ச்சி நிலையம் நடத்திய மக்காரிசன் என்பார் எலிகளுக்கு இந்நாட்டின் பல பகுதி உணவுகளையும் ஊட்டிச் சோதித்து, வெள்ளரிசியே பெரும்பாலான சென்னை உணவு வளர்ச்சிக்குப் போதாதென்று காட்டினார். 1934-இல் தோன்றிய அகில இந்தியக் கிராமக் கைத்தொழிற் சங்கத்தின் வாயிலாகக் காந்தியடிகளும் குமரப்பாவும் கைக்குத்தலரிசியை வற்புறுத்தினர். கேட்டோர் பலர்; கைக்கொண்டோர் சிலர்.

தீட்டிய அரிசி வயிற்றில் விரைந்து சருக்கரையாக மாறும். விரைந்து பசியை மீட்டும் எழுப்பும். சென்னை மக்களின் உணவை ஆராய்ந்தோர், அவர்கள் பெறும் கலோரியில் ஏறக்குறையப் பாதி தீட்டிய தானியத்தினின்றே வருகின்றது எனக் கண்டனர். அதிலும் முதன்மையானது வெள்ளரிசி.

நியாயவிலைக் கடைகளில் 2008 செப்டம்பரில் கிலோ ஒரு ரூபாய்க்கும், 2011 சூன் முதல் விலையின்றியும் அரிசி வழங்கப்பட்டது. இதனை யாம் குறைகூறோம். தாது வருஷத்தில் ஒரு பவுண்டு தானியத்திற்கு மண்சுமந்தாரின் பேரப்பிள்ளைகள் பசியாது உறங்குதல் பெரும்பேறு. குறை அரிசியில் இல்லை. அரிசியன்றிப் பிறிதொன்றும் இலையில் இல்லாமையிலும், அரிசியை உழைப்பால் எரிக்காமையிலுமே உள்ளது. எண்ணெயும் அவ்வாறே. செக்கில் ஆட்டிய நல்லெண்ணெயையும் கடலையெண்ணெயையும் உழக்கால் அளந்து வாங்கிய இல்லங்களில், 2007 முதல் மலிவு விலைப் பாமாயில் பொட்டலம் புகுந்தது. பண்டிகைக்கு மட்டும் வைத்த எண்ணெய்ச்சட்டி நாள்தோறும் அடுப்பேறிற்று.

ஒரு சிறு கணக்குக் கூறுதும். பத்துக் கிராம் எண்ணெய் 90 கலோரி தரும். தேவைக்கு மேல் நாளொன்றுக்கு 100 கலோரி உண்டால் ஆண்டிற்கு 36,500 கலோரி ஆகும். ஒரு கிலோ உடற்கொழுப்பு ஏறத்தாழ 7,700 கலோரிக்கு நிகர். ஆகவே, கணக்கின்படி ஆண்டிற்கு நான்கு கிலோவிற்கு மேல் எடை கூடவேண்டும். உடல் தன்னைத் தானே ஒருவாறு சரிப்படுத்திக்கொள்வதால் அத்துணையும் ஏறுவதில்லை. எனினும் பத்தாண்டில் தொந்தி விழுவதற்கு இரண்டு கரண்டி எண்ணெயே போதுமென்பது விளங்கும். இதற்குப் பெருந்தீனிக்காரன் ஆகவேண்டுவதில்லை.

உழைப்பு நீங்கியமை

இனி, உழைப்பு நீங்கிய வகையை நோக்குவோம். ஏற்றமிறைத்த கிணற்றில் மின்விசைப் பம்பு ஓடுகின்றது. ஏருக்கு மாறாக டிராக்டர் உழுகின்றது. பக்கிங்காம் கால்வாயில் சவுக்கு விறகையும் உப்பையும் ஏற்றிய படகுகளைக் கயிறுகட்டி இழுத்தும் கழியூன்றித் தள்ளியும் சென்றனர். 1965, 1966-ஆம் ஆண்டுப் புயல்களால் கால்வாய் சிதைந்தபின் அத்தொழில் மங்கிற்று. கடலோரத்தில் துடுப்பும் பாயும் கொண்டு சென்ற கட்டுமரங்கள், 2004 டிசம்பர் 26-இல் நேர்ந்த ஆழிப்பேரலைக்குப் பின் பெரும்பாலும் மறைந்து, எந்திரம் பூட்டிய பைபர் படகுகள் வந்தன. மாமல்லபுரத்துச் சிற்பியரும் உளியோடு மின்விசை அறுப்புக்கருவியைக் கொண்டனர். இல்லத்துள் அம்மியும் ஆட்டுக்கல்லும் மூலை சேர்ந்தன; 2011 செப்டம்பரில் அரசாங்கமே மிக்ஸி, கிரைண்டர், மின்விசிறிகளை விலையின்றி வழங்கத் தொடங்கிற்று. மாவரைத்து மாவரைத்துத் தோள் நொந்த தாய்மார்க்கு அது விடுதலையே. ஆட்டுக்கல்லை மீட்டும் கொணர்க என்பார் ஆட்டிப் பாராதவரேயாவர்.

கிழக்குக் கடற்கரைச் சாலையும் பழைய மாமல்லபுரச் சாலையும் பெருநெடுஞ்சாலையும் விரிந்தன. மறைமலைநகரிலும் பரனூர்ப் பக்கத்தும் தொழிற்கூடங்களும் கணினி நிலையங்களும் எழுந்தன. விளைநிலம் மனைகளாயிற்று. நிலம் விற்ற உழவனின் மகன் நாற்காலியில் அமர்ந்து பொருளீட்டுகின்றான். வேலைக்கு வாகனத்திற் செல்கின்றான். இரவு பதினொரு மணிக்குப் பரோட்டாவும் பிரியாணியும் சாலையோரத்தில் உண்கின்றான்.

இங்கே நம் சங்கத்தார் மனங்கொள்ளவேண்டிய உண்மையொன்று உண்டு. ‘எம் பிள்ளை வெயிலில் நில்லாது விசிறியடியில் அமரவேண்டும்’ என்பதே மூன்று தலைமுறையாக நம்மவர் வேண்டிய வரம். அவ்வரம் கிட்டிற்று. உடலுழைப்பை இழிவென்றும், அமர்ந்திருத்தலை உயர்வென்றும் நாமே பிள்ளைகட்குக் கற்பித்தோம். யாமும் இதற்கு விலக்கல்லேம். எம் தந்தையார் ஏர்பிடித்தார். எழுபதாம் அகவையினும் அவர் வயிறு முதுகோடு ஒட்டியிருந்தது. யாம் இருபதாண்டாகச் சுண்ணக்கட்டி பிடிக்கின்றோம். எம் இடைச்சுற்றளவு 98 செ.மீ. நம் நாட்டு ஆடவர்க்கு 90-க்கும் பெண்டிர்க்கு 80-க்கும் மேற்படலாகாதென்பது மருத்துவர் வகுத்த எல்லை. நாம் பெற்ற வரத்தின் விலை இதுவாகும்.

இக்காலத்து அளவு

2019–21-இல் எடுத்த தேசியக் குடும்பநலக் கணக்கின்படி, தமிழ்நாட்டில் 15 முதல் 49 அகவைக்குட்பட்ட பெண்டிருள் 40.4 விழுக்காட்டினரும் ஆடவருள் 37 விழுக்காட்டினரும் மிகையெடை உடையார். 2015–16-இல் இவ்வளவு முறையே 30.9, 28.2 ஆக இருந்தது. இந்தியா முழுமைக்கும் 24, 22.9 விழுக்காடே. உலகிலோ 2022-இல் எண்மருள் ஒருவர் பருமன் நோயுடையார் என உலகச் சுகாதார நிறுவனம் உரைக்கின்றது. ஆகவே, இது நம்மவர்க்கு மட்டும் நேர்ந்ததன்று. எனினும் நம்மவர்க்கு மிக விரைந்து நேர்ந்தது. சில ஆண்டுகளில் ஒரு மக்களின் பிறவியியல்பு மாறுதல் இல்லை. ஒழுக்கமும் ஒருங்கே கெடுவதில்லை. மாறியவை உணவும் உழைப்புமேயாம்.

வியப்பென்னவெனின், அதே கணக்கில் தமிழ்நாட்டுப் பெண்டிருள் 53.4 விழுக்காட்டினர் குருதிச் சோகையுடையார். ஐயாண்டுக்குட்பட்ட குழந்தைகளுள் நான்கிலொருவர் அகவைக்கேற்ற உயரம் இல்லாதார். ஓரில்லத்திலேயே தாய் பருத்தும் குருதி குறைந்தும் இருத்தலைக் காண்கின்றோம். வயிறு நிறைந்தது, உடல் நிறையவில்லை.

பெண்டிர்க்குப் பருமன் மிகுந்ததற்கு நம் இல்லவழக்கும் காரணமாகும். பூப்பெய்திய பெண்ணை ஓடவும் ஆடவும் விடோம். மணமான பின் அவள் எல்லார்க்கும் பின்னர் உண்பாள். குழம்பும் கறியும் தீர்ந்திருக்கும், சோறு மீந்திருக்கும். ‘சோற்றை வீணாக்கலாகாது’ என்று மீந்ததனைத்தும் உண்பாள். அச்சொல் பஞ்சங்கண்ட பாட்டியர் நாவினின்று வந்த சொல். பஞ்சம் போயிற்று, சொல் நின்றது. உண்டது அறும்வரை பொறுத்து அளவறிந்து உண்க என்பதே திருக்குறளின் மருந்து என்னும் அதிகாரத்தின் கருத்து. அதனை மேடையில் ஓதுகின்றோம், பந்தியில் மறக்கின்றோம்.

செய்யத்தக்கன

குறைகூறி ஒழிதல் சங்கத்திற்கு அழகன்று. நம்மால் இயல்வன சில உள.

ஒன்று: நம் இல்ல மணங்களிலும் சங்கத்து ஆண்டு விழாவிலும் இலையில் இடும் இனிப்புகளைக் குறைத்து ஒன்றே இடுக. சுண்டலும் கீரையும் கேழ்வரகும் கைக்குத்தலரிசியும் விருந்திற்கு ஏற்றனவே என்று நம் பெரியோர் முன்னின்று உண்டு காட்டுக. ‘இன்னுங் கொஞ்சம்’ என்று வற்புறுத்தி இடும் உபசாரம் பசித்தார்க்கு அன்பு, நிறைந்தார்க்குத் துன்பம்.

இரண்டு: வாரத்தில் 150 நிமிடமேனும் விரைந்து நடத்தல் வேண்டும் என்பது உலகச் சுகாதார நிறுவனத்தார் கூற்று. நம் ஊர்தோறும் ஏரிக்கரை உண்டு. காலையில் ஆடவரும் பெண்டிரும் கூடி நடக்கலாம். கரையில் நடப்பார் பலராயின் ஏரியை ஆக்கிரமிப்பார்க்கும் அச்சம் உண்டாகும்.

மூன்று: நம் பெண்மக்கள் ஆடுதற்கு இடமும் இசைவும் தருக. சங்கம் ஆண்டுதோறும் சிறுவர்க்கு நடத்தும் விளையாட்டைச் சிறுமியர்க்கும் நடத்துக.

நான்கு: கருவுற்ற பெண்ணுக்கு முதலில் உணவிடுக, பருப்பும் முட்டையும் கீரையும் பாலும் அவள் இலையில் முதலில் விழுக. கருவிலுள்ள குழவி ‘உலகிற் சோறு அரிது’ என்று எண்ணாது பிறத்தல் வேண்டும்.

ஐந்து: பருத்தாரை நகையற்க. நகைக்கப்பட்டவன் ஆட்டக்களத்தினின்று ஒதுங்குவான். ஒதுங்கியவன் மேலும் பருப்பான். நகை மருந்தாகாது.

முடிபு

அன்று மாமல்லபுரத்தினின்று மீளுங்கால் அச்சிறுவன் அருகில் அமர்ந்தோம். ‘தம்பி, உன் தாத்தா என்ன தொழில் செய்தார்?’ என வினவினோம். ‘ஏற்றம் இறைச்சாராம், ஐயா. அப்பா சொல்லுவார்’ என்றான். அவர் உடல் பசியையும் வெயிலையும் வென்ற உடல் என்றும், அவ்வுடலின் சேமிக்கும் வலிமையே அவனிடத்தும் உள்ளதென்றும், அவ்வலிமைக்கு இக்காலத்தில் வேலையில்லாமையே அவன் துன்பமென்றும் அவனுக்கு ஏற்ற மொழியில் எடுத்துரைத்தோம். சிறிது நேரம் எண்ணியிருந்து, ‘அப்போ நான் பூதம் இல்லையா, ஐயா?’ என்றான். ‘இல்லை, நீ ஏற்றமிறைத்தவர் பேரன்’ என்றோம். அதன்பின் அவன் தன் பொதியை அவிழ்த்துப் பாதியை எமக்கும் தந்தான்.

மறுதிங்கள் முதல் அவனும், அவனை நகைத்தவனும் உட்பட ஒன்பதின்மர் மாலைதோறும் எம்முடன் ஏரிக்கரையில் நடக்கின்றனர். எம் இடைச்சுற்றளவு இரண்டு செ.மீ. குறைந்துள்ளது. சங்கத்து அன்பர்காள், உங்கள் ஊரிலும் ஏரிக்கரை உண்டன்றோ!